கரைக்கு உடுத்திய துணி

துணி என்றால் எனக்குச் சேலை தெரியும், கம்பளி தெரியும், பிள்ளைக்குக் கட்டுகிற கோவணம் தெரியும். குளத்துக்கரைக்கும் துணி உடுத்துவார்கள் என்பது லாரி வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. ஆள் உயரத்துக்குச் சுருள் சுருளாக, வெள்ளையாக, தொட்டால் பொசுபொசுவென்று இருந்தது. கூடவே கம்பி வலையில் செய்த பெட்டிகளை மடக்கி அடுக்கியிருந்தார்கள். ஊருக்கே கோழி வளர்க்கக் கொடுக்கப்போகிறார்கள் என்று நான் முதலில் நினைத்தேன்.

எங்கள் ஊர் மலை மேலே, பூண்டியைத் தாண்டி, கூக்கால் போகிற வழியில் இறங்கி நடக்க வேண்டிய இடம். பஸ் மனது வைத்தால் வரும். குளமும் சின்னதுதான். ஏரி என்று சொன்னால் அதற்கே வெட்கம் வந்துவிடும். ஆனால் அது மேட்டில் கிடந்தது, நாங்கள் பள்ளத்தில் கிடந்தோம். கரைக்கு நேர் கீழே என் பூண்டுத் தோட்டம். அதற்கும் கீழே எங்கள் வீடுகள், ஒரே கூரையில் வரிசையாக. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் அதை லயம் என்போம். இங்கே வந்தும் அந்தப் பெயரை விடவில்லை.

சிலோனிலிருந்து கப்பலேறி வந்த என் மாமனார், யாருக்கும் வேண்டாத அந்தச் சதுப்பை வாங்கி, வாய்க்கால் வெட்டி வடியவிட்டு, சாணி சுமந்து கொட்டி மண்ணாக்கினார். எங்களுக்கு இருந்த நிலம் அது ஒன்றுதான். அது போனால் மறுபடியும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குக் குனிய வேண்டும். இதைப் புரிந்துகொள்ள மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பு தேவையில்லை. நான் படித்ததும் அவ்வளவுதான்.

மழைக்கு மழை கரையடியில் செம்மண் கலங்கலாகக் கசியும். ஒரு வருஷம் கரையில் ஒரு துண்டு சரிந்து என் ஓரத்துப் பாத்தியில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் இந்தத் துணியும் கம்பிப் பெட்டியும் வந்தன. அவற்றோடு மதுரைப் பக்கத்து இன்ஜினியர் பெண் ஒருத்தியும் வந்தாள். தலையில் தொப்பி, காலில் அவளைவிடக் கனமான பூட்ஸ். கல்யாணம் ஆகவில்லை. அதையும் முதல் நாளே கேட்டுவிட்டேன்.

கரையின் வெளிப்பக்கத்தை வெட்டிச் சரித்து, துணியை விரித்து, அதன்மேல் ஜல்லி கொட்டி, கம்பிப் பெட்டிகளை வைத்து, பெட்டிக்குள் கல்லை அடுக்கினோம். பெண்களுக்குத்தான் கல் எடுக்கிற சோலி. எனக்குப் பக்கத்தில் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கச்சி. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இவளை எனக்குத் துணைக்கா தண்டனைக்கா விட்டுப்போனார் என்று இன்னும் தெரியவில்லை.

"ஏம்மா, இந்தத் துணில ரவிக்கை தைக்கலாமா?" என்று இன்ஜினியரைக் கேட்டேன்.

"தைக்கலாம் பாட்டி. தண்ணி உள்ள போகும், மண்ணு போகாது."

"அப்ப என் நாத்தனாருக்கு ரெண்டு தைங்க. அவ குளிச்சாலும் ஒண்ணு, குளிக்காட்டியும் ஒண்ணு."

"மதினி, கையில கல்லு இருக்கு. பாத்துப் பேசுங்க" என்றாள் நாத்தனார்.

இன்ஜினியர் சிரித்துவிட்டுக் கரையடியில் பதித்திருந்த குழாய்களைக் காட்டினாள். "இதான் முக்கியம். கரைக்குள்ள தண்ணி ஊறத்தான் செய்யும், யாராலயும் நிறுத்த முடியாது. துணி மண்ணைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணிய விட்டுரும். தண்ணி இந்தக் குழா வழியா வந்துக்கிட்டே இருக்கணும். தெளிவா வந்தா கரை நல்லா இருக்குன்னு அர்த்தம். இத அடைச்சா உள்ள தேங்கிக் கரை வீங்கிரும்."

"மனுசனுக்கு ஒண்ணுக்கு அடைச்ச மாதிரி."

"அதேதான் பாட்டி! எங்க வாத்தியாருக்குக்கூட இப்படிச் சொல்ல வரலை."

போகும்போது மிச்சத் துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் மழைக்குப் போர்த்திக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். உள்ளே கொடகொடவென்று ஒழுகியது. தண்ணீரை விடுவதுதான் அதன் வேலை என்பதை மறந்துவிட்டேன். நாத்தனார் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த மழைக்குக் கரையடியில் கலங்கல் வரவில்லை. குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. கண்ணாடி மாதிரி, பல் கூசுகிற குளிர்ச்சியில். வாழ்க்கையில் முதல்தடவையாக மழைக்காலத்தில் அசந்து தூங்கினேன்.

தெளிந்த தண்ணீர்தான் வினையாகப் போனது.

நாத்தனாருக்கு முழங்கால் வலி. ஒருநாள் குழாயடியில் கால் கழுவியிருக்கிறாள். குளிர்ச்சிக்குக் கால் மரத்திருக்கும். அவள் வலி போய்விட்டது என்றாள். மறுநாள் மஞ்சள் பூசி ஒரு கல்லை நட்டாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நாலு பெண்கள் குடத்தோடு வந்தார்கள்.

"ஏண்டி, இது குளத்துத் தண்ணிடி. மேல எருமை குளிக்குது."

"எருமை குளிச்ச தண்ணி இப்பிடித் தெளிஞ்சா வரும்? ஆத்தா வராம எப்பிடி வரும்?"

"துணி வடிகட்டுது."

"அந்தத் துணிக்குள்ள ஆத்தா இருக்கா. வாயக் கழுவிட்டுப் பேசுங்க மதினி."

கரையின் வடக்கு மூலையில், ரோட்டை ஒட்டி, ஜீப்பு ஓட்டுகிற ஒருத்தர் மாடி வீடு கட்டி டூரிஸ்ட்டுக்கு ரூம் விட்டுக்கொண்டிருந்தார். வட்டக்கானலில் கூட்டம் தாங்காமல் அமைதி தேடி இந்தப் பக்கம் வருகிறவர்களை ஜீப்பில் ஏற்றி ஊர் காட்டுவார். எங்கள் ஊரில் காட்டுவதற்குக் கேரட்டும் பனியும்தான் உண்டு. இப்போது அவருக்கு ஒரு சுனை கிடைத்தது. 'மூலிகைச் சுனை' என்று போர்டு வைத்தார். நாத்தனார் கூடையில் பூவும் பழமும் வைத்து உட்கார்ந்தாள். நாள் முழுக்கக் குனிந்து களை பிடுங்கியவள் நிமிர்ந்து உட்கார்ந்து வியாபாரம் செய்தாள். முழங்கால் ஏன் வலிக்கப்போகிறது?

அதுவரை எனக்கும் சிரிப்புத்தான். ஒருநாள் வெள்ளனே சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கின. குழாய்களை எல்லாம் உள்ளே விட்டு மூடி, ஒரு தொட்டி கட்டி, அதில் ஒரே ஒரு சிங்கத்தலை வைத்து, அதன் வாய் வழியாக மட்டும் தண்ணீர் விழுவதாகத் திட்டம். கொத்தனார் சிங்கத்துக்கு இடம் செய்யத் துணியைக் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தார்.

"ஏய்யா முதலாளி, அத அடைக்கக் கூடாதுன்னு இன்ஜினியர் பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்கு."

"அடைக்கலையே பெரியம்மா. ஒழுங்கு பண்றோம். பல வழியில வீணாப் போறத ஒரு வழியில விடுறோம்."

"உனக்கு ஒரு வழிய வச்சுத் தச்சு விட்டா எப்பிடி இருக்கும்?"

கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். ஜீப்புக்காரரும் சிரித்தார். "பெரியம்மா இருந்தா டிவியே வேணாம்" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இன்ஜினியர் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் இப்போது கடலோரத்தில் வேலை செய்கிறாளாம்.

"கடலுக்குத் துணி கட்டிக்கிட்டிருக்கேன் பாட்டி. ஆனைத் தண்டிப் பையில மணலை ரொப்பி அலைக்குக் குறுக்கப் போடுறோம்."

"நிக்குதா?"

"இந்த வருசம் நிக்குது" என்றாள். பிறகு சிமெண்ட் சங்கதியைச் சொன்னதும் அவள் குரல் மாறிப்போனது. "உடைக்கச் சொல்லுங்க பாட்டி. நானும் ஆபீசுக்குச் சொல்றேன்."

கொஞ்ச நாள் கழித்து ஒரு அதிகாரி வந்தார். சிங்கத்தைப் போட்டோ எடுத்தார். ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். "டேஸ்ட்டா இருக்கு" என்றார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கடைசியாகக் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்ட அன்று நானே எழுந்து நின்றேன். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. "கரை உடையப் போகுது. உள்ள தண்ணி தேங்குது. மனுசனுக்கு ஒண்ணுக்கு அடைச்சா என்ன ஆகும்? வயிறு வீங்கும். அது மாதிரி..."

அதற்கு மேல் பேச முடியவில்லை. கூட்டமே உருண்டு புரண்டு சிரித்தது. ஒரு ஆள் விசிலடித்தான். "இன்னொண்ணு, இன்னொண்ணு!" என்றார்கள். அறுபது வயதுவரை சாவு வீட்டில்கூட ஜோக்கு அடித்தவள் நான். அழுதிருந்தாலும் நடிப்பு என்று கை தட்டியிருப்பார்கள். நாத்தனார் மட்டும் சிரிக்காமல் கூடையில் பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் மறுநாளும் சிங்கத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஐப்பசி மழை பிடித்தது. பூண்டு முளைத்து விரல் நீளம் வந்திருந்தது. நான் தினமும் குடை பிடித்துக்கொண்டு போய்க் கரையைத் தொட்டுப் பார்ப்பேன். பாதி உயரத்துக்கு மண் ஊறிக் குழைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் கம்பிப் பெட்டிகள் வயிறு தள்ளி நின்றன. சிங்கம் மட்டும் அளவாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

இந்தமுறை நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வீக்கத்தை எல்லோரும் பார்த்தார்கள். ஜீப்புக்காரரே கடப்பாரை எடுத்து வந்து முதல் குத்துக் குத்தினார். சிங்கம் கீழே விழுந்தது. பின்னால் திறந்த ஓட்டையில் தண்ணீர் பீறிட்டது. நான் இன்ஜினியர் பெண்ணுக்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"என்ன நெறத்துல வருது பாட்டி?"

பார்த்தேன். தெளிவாக வருகிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"செவப்பா வருதும்மா."

மழைச் சத்தத்துக்கு மேலே அவள் குரலை உயர்த்திச் சொன்னாள்.

"அப்ப துணி கிழிஞ்சு கரை மண்ணு கரையுது. வெரசா குளத்துத் தண்ணிய எறக்கணும். கரையோட ஒரு மூலைய வெட்டி விட்டாத்தான் நடுக்கரை நிக்கும்."

சிங்கத்தைப் போட்டோ எடுத்த அதிகாரியே ஜேசிபியோடு வந்தார். மூலை இரண்டு. வடக்கே ஜீப்புக்காரர் வீடு, உள்ளே ரூமில் ஆட்கள். தெற்கே என் தோட்டம்; அந்தப் பக்கம் விட்டால் தண்ணீர் மாமனார் வெட்டிய வாய்க்காலோடு வீடுகளை ஒதுங்கிப் போய்விடும். அதிகாரி இரண்டு பக்கமும் பார்த்தார். "அங்கிட்டு வீடு. இங்கிட்டு வெறும் பூண்டுதான கெடக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். வெட்டாமல் விட்டால் நடுக்கரை உடைந்து தோட்டத்தோடு லயமும் போகும், லயத்தில் இருக்கிற பிள்ளைகளும் போகும். யாரையாவது திட்டலாம் என்று பார்த்தால் அந்த நேரத்தில் ஒருத்தரும் தப்பாகப் பேசவில்லை.

"உங்க தோட்டந்தானம்மா? வெட்டலாமா?" என்று கேட்டார். கேட்டதே பெரிய மரியாதை.

"வெட்டுங்க." பிறகு ஜேசிபிக்காரனிடம், "ஓரமா ஒரு பாத்திய விட்டுட்டு வெட்டுய்யா. ரசத்துக்கு ஆகும்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஊரே மழையில் நின்று என்னைப் பார்த்தது. ஒரு ஆளாவது சிரித்திருக்கலாம்.

தண்ணீர் இறங்கியது. முதலில் பூண்டு போனது, பிறகு பாத்தி, பிறகு என் மாமனார் கொட்டின மண். இரண்டு தலைமுறை சேர்த்த மண் ஒரு பகலுக்குக்கூடத் தாங்கவில்லை. அடியில் வெள்ளைப் பாறை தெரிந்தது. அப்படி ஒரு பாறை அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மதினி, மதினி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கரை நின்றுவிட்டது. புதுத் துணி வந்தது, புதுக் குழாய் வைத்தார்கள். நிலத்துக்கு நஷ்டஈடு கேட்டு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். வெட்டின மூலையை மட்டும் மூடவில்லை. பெருமழைக்கு அதுவே வழியாக இருக்கட்டும் என்று கல் பதித்து விட்டுவிட்டார்கள். குளம் நிறைந்தால் என் தோட்டத்து வழியாகத்தான் தண்ணீர் போகும். மறுபடி மண் சுமந்து கொட்டினாலும் அடுத்த ஐப்பசிக்கு நிற்காது. நானும் நாத்தனாரும் பூண்டியில் அடுத்தவர் தோட்டத்துக்குக் கேரட் பிடுங்கப் போகிறோம். அவளுக்கு முழங்கால் வலி திரும்பி வந்துவிட்டது.

பாறை மேல் தண்ணீர் விழுவது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஜீப்புக்காரர் போர்டை அங்கே மாற்றிவிட்டார். 'புது அருவி'. என்னைப் பார்த்தால் மட்டும் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போவார். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது சும்மா போய் அந்தப் பாறையில் நின்றேன். ஒரு பெண் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, "பாட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அருவிய மறைக்கிறீங்க" என்றாள்.

தள்ளி நின்றேன். எந்தப் பாத்தியிலிருந்து எந்தப் பாத்திக்கு என்று எனக்குத்தான் தெரியும்.