சாய்வு நாற்காலியின் வலது கை

பழைய மரச்சாமான்களைச் செப்பனிடுவதும் படம் எழுதுவதும் என் பிழைப்பு. பட்டறை தென்காசியில் இருந்தது. சோறு போட்டது குற்றாலம். சீசன் தொடங்கியதும் பங்களாக்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். ஆடுகிற கட்டில், திறக்க மறுக்கிற அலமாரி, பிரம்பு அறுந்த நாற்காலி எல்லாம் அப்போதுதான் அவர்கள் கண்ணில் படும். சாரல் காற்றில் பாலீஷ் போட்டால் வெள்ளை பூத்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றால் கேட்கமாட்டார்கள். விருந்தாளி நாளைக்கு வருகிறாராம். மரத்துக்கு அது தெரியுமா? வேலையே செய்யக்கூடாத மாதங்களில்தான் எனக்கு வேலை குவிந்தது. அந்த எரிச்சலிலேயே பாதி ஆயுள் போயிற்று.

இன்னோர் எரிச்சலும் உண்டு. "புதுசு மாதிரி ஆக்கித் தாங்க" என்பார்கள். புதுசு வேண்டுமானால் புதுசு வாங்கவேண்டியதுதானே! உடைந்ததைச் சேர்ப்பேன், தேய்ந்ததைத் தொடமாட்டேன் என்பது என் கட்சி. அதற்காகச் சண்டை போட்டு வந்த வண்டியைத் திருப்பி அனுப்பியதும் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஓர் ஆனி மாதம், இலஞ்சியிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு சாய்வு நாற்காலி வந்து இறங்கியது. நல்ல தேக்கு. காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளத் தோதாக இரண்டு கைகளும் நீளமாக இருந்தன. கூட வந்தவர் நிலபுலன் உள்ள வீட்டின் ஒரே மகன். அப்பா இறந்து வருஷம் திரும்பப் போகிறது, ஆவணியில் தலைத்திவசம். அதற்குள் பிரம்பு பின்னி நாற்காலியைக் கூடத்தில் போடவேண்டும். மேலே சுவரில் மாட்ட, அப்பா அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு படமும் நான் எழுதித் தரவேண்டும்.

"எல்லாம் செய்யுங்க மேஸ்திரி. இந்த வலது கையை மட்டும் தொட்டுராதிய" என்றார்.

பார்த்தேன். கையின் ஒரு பக்கம் அம்மை போட்டதுபோல் மேடு மேடாக இருந்தது. அவரே விவரம் சொன்னார். அப்பா எப்போதும் வெள்ளிப் பூண் போட்ட தடி வைத்திருப்பாராம். அந்தப் பூணால் தட்டித் தட்டி நாற்காலிக் கையில் குழிகள் விழுந்திருந்தன. அவர் போன பிறகு, பங்குனி வெயிலில், அம்மா யாரோ ஒரு தச்சனைக் கூப்பிட்டுக் குழி தெரியாதபடி இழைக்கச் சொல்லிவிட்டார். சாரல் பிடித்ததும் குழி இருந்த இடமெல்லாம் மேடாக எழும்பிவிட்டது.

"அப்பா போகல்ல மேஸ்திரி. இங்கனதான் இருக்காக" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீட்டில் அந்தக் கைக்குத் திருநீறு பூசிச் சூடம் காட்டுகிறார்களாம்!

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடி விழுந்த இடத்தில் மரம் அமுங்கிக் கிடக்கும். அதை எழும்ப விடாமல் சுற்றிலும் இழைத்துச் சமமாக்கினால், ஈரம் ஏறியதும் அமுங்கியது எழும்பி மேடாகத்தான் நிற்கும். வெயிலில் இழைத்த தச்சன் சாரலை நினைக்கவில்லை, அவ்வளவுதான். இதை நிதானமாக எடுத்துச் சொன்னேன்.

"மத்த மரத்துக்கு அப்படி இருக்கும். இது அப்பா நாக்காலில்லா?" என்றார். நான் கும்பிடு போட்டு அனுப்பிவைத்தேன்.

மகன் கொடுத்துப்போன அப்பாவின் போட்டோவில் நிறம் ஏது? பெரியவர் என்ன நிறம், அங்கவஸ்திரத்தின் கரை என்ன நிறம் என்று கேட்டுவர இலஞ்சிக்குப் போனேன். மகன் வயலுக்குப் போயிருந்தார். அவருடைய அம்மா நிலைப்படிக்குள் நின்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியில், தடியால் அவர் எதற்குத் தட்டுவார் என்று கேட்டேன்.

"என்னயக் கூப்பிடத்தான். ஒரு தட்டுன்னா தண்ணி. ரெண்டு தட்டுன்னா வெத்தல. சேந்தாப்ல தட்டினா அடுப்புல என்ன கெடந்தாலும் போட்டுட்டு ஓடணும். கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து வாயத் தொறந்து ஒருநாள் கூப்பிட்டதில்ல தம்பி. அழிச்சா தீந்துதுன்னு நெனச்சேன். திரும்ப வந்துட்டாகளே! நாக்காலிய கூடத்துல போட்டா நான் எங்கன போவேன்?"

மகனுக்குச் சொன்ன விளக்கத்தை அவருக்கும் சொன்னேன்.

"சத்தியமா மரந்தானா?"

"சத்தியமா மரந்தான் ஆச்சி."

"அப்பம் அந்த மேட்ட எடுத்துருவியளா?"

தேய்ந்ததைத் தொடமாட்டேன் என்கிற என் கட்சி அந்த நேரம் எங்கே போயிற்றோ. "எடுத்துருதேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஈரத்துணியை மடித்துப் போட்டு, மேலே கரி இஸ்திரிப்பெட்டியை வைத்து வைத்து எடுத்தேன். அமுங்கிய மரம் எழும்புகிறமட்டும் எழும்பிற்று. கனல் சட்டிக்குப் பக்கத்தில் போட்டு நன்றாகக் காயவிட்டு, கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சமமாக்கினேன். இனி எந்தச் சாரலுக்கும் அது தலையெடுக்காது. படத்தை அதன் பிறகுதான் எழுதினேன். பெரியவரின் கைக்குக் கீழே, நாற்காலிக் கையில், இழைப்பதற்கு முன்பு இருந்திருக்கக்கூடிய குழிகளைப் பொறுமையாக எழுதிவைத்தேன்.

திவசத்துக்கு முந்தின நாள் இரண்டையும் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்தேன். மகன் நாற்காலிக் கையைத் தடவியதும் முகம் கறுத்துவிட்டது.

"தொடாதியன்னு சொன்னேம்லா?"

"அப்பா இப்பம் அங்கன இருக்காக அண்ணாச்சி. கிட்டப் போய்ப் பாருங்க" என்று படத்தைக் காட்டினேன்.

போய்ப் பார்த்தார். குழிகளை விரலால் தொடப் போய், தொடாமல் நின்றார். கண் கலங்கியிருந்தது. திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தார். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் கையில் சாவிக்கொத்து இருந்தது. யோசிக்காமலே அதைக் கொண்டு நாற்காலிக் கையில் இரண்டு தட்டு தட்டினார்.

உள்ளேயிருந்து அவருடைய மனைவி வெற்றிலைத் தட்டோடு ஓடிவந்தாள். பெரியவர் போவதற்குக் கொஞ்சம் முன்புதான் கல்யாணமாகி வந்தவளாம்.

"ஏட்டி, அங்கனயே நில்லு!"

மாமியார் கூடத்துக்கு வந்துவிட்டார். அவரை வெளிச்சத்தில் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

"ஏலே, எந்திரி."

மகன் எழுந்துவிட்டார்.

"அவளுக்கு அவ அப்பன் ஒரு பேரு வச்சிருக்கான். அதச் சொல்லிக் கூப்பிடு."

அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே பெயரைச் சொன்னார். அந்தப் பெண் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி அசையாமல் நின்றாள்.

அந்த அம்மா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். நன்றாகச் சாய்ந்து, வலது கையை நாற்காலிக் கையில் நீளமாக வைத்துக்கொண்டார்.

"கேக்கலலே" என்றார். "இன்னொருக்கக் கூப்பிடு."