தெரிகிறது என்று சொன்னேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாத அடைமழையில், பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே மலையில் நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட்டில் நடந்தது இது. அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் மின் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் நாலு வீடு தள்ளியிருந்த அக்காவுக்கு எட்டாம் மாதம். காலையில் திடீரென்று ரத்தப்போக்கு. டவுனுக்குப் போகும் சாலை இரண்டு இடத்தில் மண் சரிந்து அடைபட்டிருந்தது. தூக்கிக்கொண்டு நடந்தால் ஐந்து மணி நேரமாகும். அவ்வளவு நேரம் தாங்காது என்று டிஸ்பென்சரி நர்ஸ் சொல்லிவிட்டார்.

அவர்தான் கலெக்டர் ஆபீஸுக்குப் போன் செய்தார். மதியம் ஒரு போலீஸ் ஹெலிகாப்டர் அடிவாரத்தில் கல்லூரி மைதானமொன்றில் வந்து காத்திருந்தது. விமானி போனில் நேராக எங்களைக் கூப்பிட்டார். நர்ஸால் அக்காவை விட்டு நகர முடியவில்லை. "நீ அளவு தெரிஞ்சவ, பேசு" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

விமானி பாலக்காட்டின் கிழக்குப் பக்கத்துக்காரர். பேச்சிலேயே தெரிந்தது. "ஏனுங்க, கொஞ்சம் எழுதிக்குங்க" என்று ஐந்து கேள்விகள் கேட்டார். மைதானம் எத்தனை அடி, காற்று எந்தப் பக்கமிருந்து, குறுக்கே கம்பி உண்டா, பறக்கக்கூடிய தகரம், துணி உண்டா, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது. பட்டியல் என்றால் எனக்குத் தெம்பு வந்துவிடும். பந்து விளையாடும் மைதானத்தை நடந்து அளந்தேன். குறுக்கே போன விளக்குக் கம்பியை நானே கம்பத்தில் ஏறி இறக்கினேன். லயத்துப் பெண்கள் கொடியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். நான்கு கேள்விகளுக்கும் டிக் போட்டாயிற்று.

ஐந்தாவதுக்கு இரண்டு அடையாளங்கள் கொடுத்தேன். பக்கத்தில் மேட்டில் தண்ணீர்த் தொட்டி, பள்ளத்தாக்குக்கு அந்தப் புறம் எதிர் மலை உச்சியில் சர்ச்.

"நான் அந்தச் சர்ச்சு மேலதான் வரோணும். அது தெரிஞ்சாத்தான் கிளம்புவேனுங்க" என்றார்.

மூன்று மணிக்கு மறுபடி கூப்பிட்டார். "சர்ச்சு தெரியுதுங்களா?"

பத்து நிமிடம் முன்னால் ஒரு கணம் தெரிந்தது. இப்போது அந்தப் பக்கம் முழுக்க வெள்ளை. உள்ளே அக்காவின் முனகல் குறைந்துகொண்டே வந்தது. "தெரியுது சார்" என்றேன். கை தானாக டிக் போட்டது.

சிறிது நேரத்தில் தகரக் கூரைகள் அதிர ஆரம்பித்தன. சத்தம் தலைக்கு மேலே இருக்கிறது, கண்ணுக்கு ஒன்றுமில்லை. அது எங்கள் மலையை நோக்கி வருகிறது, மேகத்துக்குள் மலை அவர் கண்ணுக்குத் தெரியாது. சவுக்கு மரங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்தன. பிறகு சத்தம் சட்டென்று செங்குத்தாக மேலேறித் தேய்ந்துபோனது. அடுத்து என்ன சத்தம் கேட்கப்போகிறதோ என்று மூச்சுவிடாமல் நின்றேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

கால் மணி நேரம் கழித்துப் போன் வந்தது. மறுபடி அடிவாரத்தில் இறங்கியிருந்தார். "சர்ச்சே காணமுங்க. நான் வரதுக்குள்ள மூடிருச்சுங்களா?"

தப்பிக்க அவரே வழி கொடுத்தார். மறுபடி பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்ல சார். நான் சொன்னப்பவே தெரியல. பொய் சொல்லிட்டேன்."

"உள்ள நாலு பேர் இருந்தமுங்க" என்றார். பிறகு, அதே குரலில், "சரிங்க. இப்ப என்ன தெரியுதுன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

அக்காவின் மாமியார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏட்டி, தெரியுதுன்னு சொல்லுட்டி. அவன் திரும்பிப் போயிட்டாம்னா எம் மருமவள நீயா சுமப்ப?"

"சர்ச் தெரியல சார். தொட்டி பாதி தெரியுது." சொல்லிவிட்டு மாமியார் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பினேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். காலையிலிருந்து எதிரிலும் மேலேயும் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, கீழே பார்க்கத் தோன்றவில்லை. மேகம் எங்கள் தலைக்கு மேல் மூடி போட்டது போல நின்றது. அதற்கடியில் பள்ளத்தாக்கு கழுவிவிட்டது போல் இருந்தது.

"கீழே ஓடை தெரியுது சார். இரும்புப் பாலம் தெரியுது. அங்கிருந்து மைதானம் வரைக்கும் சரிவு முழுக்கத் தெரியுது."

"மேகம் எவ்வளவு உசரத்துல?"

"மைதானத்துக்கு மேல அறுபது அடி இருக்கும்."

"ஓடைக்குக் குறுக்க கம்பி?"

"ஒண்ணு இருக்கு. கீழேயிருந்து வந்தா, பாலத்துக்கு நூறு மீட்டர் முன்னாடி."

"உறுதிங்களா?"

"அந்த லைன்ல வேலை பாத்திருக்கேன் சார்."

"வரனுங்க" என்று வைத்துவிட்டார்.

ஹெலிகாப்டரை அன்றைக்கு மேலிருந்து பார்த்தேன். ஓடையின் வளைவில் அது எங்கள் காலுக்குக் கீழே வந்தது. சுழலும் இறக்கைகள் மழையை வட்டமாகச் சிதறடித்தன. கம்பிக்கு முன்னால் வேகம் குறைந்து, நிலைப்படி தாண்டுகிற மாதிரி நிதானமாக எழும்பிக் கடந்து, மறுபடி தாழ்ந்தது. பிறகு தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் படிய, சரிவை ஒட்டியே ஏறி வந்தது. மாமியார் என் தோளை விட்டுவிட்டு, "மாதாவே, கீழ இருந்துல்லா வருது" என்றார்.

இன்ஜினை நிறுத்தாமலே அக்காவை ஏற்றினார்கள். நர்ஸும் ஏறினார். விமானியின் முகம் மலையைப் பார்த்திருந்தது, பள்ளத்தாக்கு அவர் முதுகுக்குப் பின்னால். சத்தத்தில் பேச முடியாது. நரைத்த மீசைக்காரர், ஜன்னல் வழியாக என்னைத் தேடிப் பிடித்து, பின்பக்கம் கை காட்டி, புருவத்தை உயர்த்தினார். வழி தெரிகிறதா என்று என்னிடம் கேட்கிறார்! மைதான விளிம்புக்கு ஓடினேன். ஓடையைப் பார்த்தேன், பாலத்தைப் பார்த்தேன், மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். கட்டை விரலை உயர்த்தினேன். அவர் தலையசைத்தார். அவ்வளவு பெரிய இயந்திரம் தரையை விட்டு எழும்பி, திரும்பி, பள்ளத்தாக்குக்குள் இறங்கியது.

அக்கா பிழைத்தார். பெண் குழந்தை, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளுக்கான கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தது. அந்த விமானியை நான் அப்புறம் பார்க்கவில்லை. ஆனால் இன்றும் தொழிற்சாலையில் ஒரு மீட்டரைப் பார்த்து எண்ணை எழுதும்போதெல்லாம், அதை நம்பி யாரோ நாலு பேர் மேகத்துக்குள் வந்துகொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.