கட்டணம் வாங்காமல் விட்ட கோல்கீப்பர்

2023 மே பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். வெயில் முப்பத்தொன்பது டிகிரி என்று கைப்பேசி காட்டியது. தகரக் கூரைக்குக் கீழே அதைவிட இரண்டு கூட இருந்திருக்கும். கடற்காற்று இன்னும் உள்ளே வரவில்லை. ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய மைதானத்தில், முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு, எங்கள் கோல்கீப்பருக்கு ரிலீஸ் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இறுதி ஆட்டம் தொடங்க ஐம்பது நிமிடம் இருந்தது.

ரிலீஸ் கடிதம் இல்லாமல் ஒருவர் வேறு சங்கத்தின் ஜெர்சியைப் போட முடியாது. அதைக் கொடுக்கும்போது சங்கத்துக்கு ஒரு கட்டணம் வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

துறைமுகத்தில் நான் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணுவது வேலை. எல்லாம் கன்டெய்னரில் வரத் தொடங்கியதும் எண்ணுவதற்கு மூட்டை இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு என்று வெளியே அனுப்பினார்கள். சிறு வயதில் ஆடிய பழக்கத்தில் கால்பந்து அணிகளுக்கு மேலாளரானேன். பதினைந்து ஆண்டுகளில் நான்கு சங்கங்கள். பேப்பரில் மேலாளர், களத்தில் எல்லாருக்கும் மாஸ்டர்.

முதல் அணி திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு முதலாளியுடையது. நான்கு ஆண்டுகள், எழுபத்தொரு ஆட்டங்கள், இருபத்தொன்பது வெற்றிகள். எழுபத்தோராவது ஆட்டத்தின் இடைவேளையில் முதலாளியின் டிரைவர் வந்து பந்துப் பையைக் கேட்டார். எதற்கு என்றேன். ஐயா வாங்கி வரச் சொன்னார், விசிலையும் சேர்த்து என்றார். ஆறு பந்துகளையும் எண்ணிக் கொடுத்தேன். இரண்டாம் பாதியை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டாவது, எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு மீனவக் குப்பத்து இளைஞர் சங்கம். அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் கசிந்து இறுகிப்போன தரையில் பயிற்சி. விழுந்தால் தோல் போகும். மூன்று ஆண்டுகள். ஊர்ப் பெரியவரின் தம்பியை ஒரு ஆட்டத்தில் வெளியே உட்கார வைத்தேன். அடுத்த பயிற்சிக்கு எவரும் வரவில்லை. ஒரு மணி ஐம்பது நிமிடம் தனியாக நின்றேன். பதினேழு பேரும் பாலத்தடி டீக்கடையில் உட்கார்ந்து நான் எப்போது கிளம்புவேன் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தது பிறகு தெரிந்தது. ஜெயித்தவர் பதினேழு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

மூன்றாவது மாத்தூரில் ஒரு குடியிருப்புச் சங்கம். ஐந்து ஆண்டுகள். கடைசி ஆண்டு இரண்டாம் இடம். ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்தியபின் ஒலிபெருக்கியில் புதிய மேலாளரின் பெயரை அறிவித்தார்கள். அதற்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து சால்வைப் பெட்டியைத் திறந்தால் உள்ளே போன வருடச் சிறப்பு விருந்தினரின் பெயர்ச்சீட்டு இருந்தது.

நான்காவதாக ராயபுரம் மாதா கோயில் தெருச் சங்கத்துக்கு வந்தபோது எனக்கு அறுபத்தைந்து. மூன்று முறை வெட்டுப்பட்டவன் ஒரு முடிவோடு வந்தேன். இனி வெட்டுவது நானாக இருக்க வேண்டும்.

அதற்கு நோட்டு இருந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பக்கம். எத்தனை பந்தைத் தவறாகக் கொடுத்தார், எத்தனை முறை இடது பக்கம் தோற்றார், பெனால்டியை எந்த மூலையில் அடித்தார். எல்லாம் ஐந்து ஐந்தாகக் கோடுகள். ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்ததும் அனைவரையும் தரையில் உட்கார வைத்துச் சத்தமாக வாசிப்பேன். வாசிக்கப்படுகிறவர் எழுந்து நிற்க வேண்டும். மற்றவர்கள் சிரிக்கலாம்; சிரித்தார்கள். மூன்று ஆண்டுகள் ஒரு ஞாயிறுகூட விடவில்லை.

இந்த வாசிப்பை முழு கவனத்தோடு கேட்டவர் ஒருவர்தான், எங்கள் கோல்கீப்பர். வயது இருபத்தொன்பது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை. மற்றவர்கள் சிரிக்கும்போது அவர் சிரிக்க மாட்டார். உதடு மட்டும் அசையும். மந்தபுத்தி என்று நினைத்தேன்.

கோடைப் போட்டி மீன்பிடித் தடைக்காலத்தில் நடக்கும். படகுகள் கட்டிக் கிடக்கும், ஆட்கள் சும்மா இருப்பார்கள். தடைக்காலத்தில் ஐஸ் வேலை கிடையாது. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஆகவே எண்ணூர்ப் பக்கம் லாரியில் நிலக்கரிச் சாம்பல் ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். அரையிறுதிக்கு வந்தபோது இரண்டு கண்களும் சிவந்திருந்தன.

"கண்ணு எரியுது மாஸ்டர். பந்து ரெண்டா தெரிது," என்றார்.

ரெண்டில் ஒன்றைப் பிடி என்றேன். அவர் இரண்டு கோல் விட்டார். மூன்றுக்கு இரண்டு என்று தப்பித்தோம்.

அன்று இரவே சங்கச் செயலாளர் என்னை அழைத்தார். கோப்பை வந்தால் நான் அடுத்த ஆண்டும் இருக்கலாம், வராவிட்டால் வேறு ஏற்பாடு செய்துவிட்டோம் என்றார். எனக்கு அறுபத்தெட்டு. ஐந்தாவதாக ஒரு சங்கம் என்னைக் கூப்பிடப் போவதில்லை. கைக்கு ஒரு கோப்பை வேண்டும். பதினைந்து ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை.

ஒரு வாரம் கழித்து, இறுதி ஆட்டத்தன்று, தகரக் கூரையின் கீழ் அணியை உட்கார வைத்து, கோல்கீப்பரை எழுந்து நிற்கச் சொன்னேன். வாசித்தேன்.

"ஒம்போது ஆட்டம். பதினாலு கோல். அதுல அஞ்சு உன் கையால. இன்னிக்கு நீ வேணாம்."

என் நோட்டில் கண்ணுக்குக் கட்டம் கிடையாது. ஆடினால்தான் அன்றைய ஆட்டத்துக்கான படிப்பணம் கிடைக்கும். அவர் கையுறைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துச் சுருட்டினார்.

"அப்போ ரிலீஸ் குடுத்துடு மாஸ்டர். நான் போய்க்கினே இருக்கேன்."

சங்க விதிப்படி கட்டணம் வாங்கணுமே என்று கேப்டன் நினைவுபடுத்தினார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடியில் எனக்கு யார்டு முதலாளியின் டிரைவர் ஞாபகத்துக்கு வந்தார். டீக்கடை ஞாபகத்துக்கு வந்தது.

"இவனுக்கு எவன் நைனா துட்டு குடுப்பான்?" என்றேன். "சும்மாவே போவட்டும்."

கடிதத்தில் 'கட்டணம் இல்லை' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். பத்துப் பேர் சிரித்தார்கள். அவருக்குப் பதிலாக இறங்க இருந்த புதிய கோல்கீப்பர் மட்டும் சிரிக்கவில்லை.

இந்தப் போட்டியில் ஒவ்வொரு அணியும் வெளியாள் இருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆட்டம் தொடங்க அரை மணி முன்பு வரை பெயர் கொடுக்கலாம். பதினைந்து ஆண்டுகள் இதே மைதானங்களில் திரிந்தவன் நான். அந்த விதி எனக்குத் தெரியாததல்ல. எதிரணி, என்னைச் சால்வையோடு அனுப்பிய மாத்தூர் சங்கம். அவர்களுடைய கோல்கீப்பருக்கு அரையிறுதியில் விரல் முறிந்ததும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்திருந்தும் இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சிரித்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு அவர்கள் பந்தலில் ஒரு பெயர் எழுதப்பட்டது. நாலு பத்துக்கு நான் அனுப்பிய கோல்கீப்பர் மாத்தூர் ஜெர்சியில் வெளியே வந்தார். ஒரு வாரம் சாம்பல் வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. கண்கள் தெளிவாக இருந்தன.

அறுபது நிமிட ஆட்டம் முழுக்கக் கோல் விழவில்லை. எங்கள் புதிய கோல்கீப்பர் ஒரு தவறும் செய்யவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பெனால்டிக்குப் போயிற்று. முதலில் அடிப்பது நாங்கள்.

கேப்டன் பந்தை வைத்தார். கோட்டில் நின்றிருந்த கோல்கீப்பர், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசிக்கும் அதே இழுப்பில், மைதானம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"பதினாலு பெனால்டி. வலது பதினொன்னு. எடது மூணு."

கேப்டன் வலது பக்கமே அடித்தார். கோல்கீப்பர் அங்கே ஏற்கனவே விழுந்திருந்தார்.

இரண்டாவதாக அடித்தவர் அதற்குமுன் பெனால்டியே அடிக்காத ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். என் நோட்டில் அவருக்கு அந்தக் கட்டம் காலி. கோல்கீப்பரிடமும் வாசிக்க ஒன்றும் இல்லை. கோல் விழுந்தது. எங்களுக்கு விழுந்தது அது ஒன்றுதான்.

மூன்றாவது ஆள் ஓடி வருமுன், "நீ அடிக்கிற மூலைய மொதல்லயே பாத்துடுவ மாமு. எட்டுல ஏழு," என்றார் கோல்கீப்பர். ஆள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே அடித்தார். பந்து நேராகக் கையில் போய் உட்கார்ந்தது. கூட்டம் சிரித்தது. எங்கள் ஆட்களிலேயே சிலர் சிரித்தார்கள்.

நான்காவது, இடதுகால் ஆட்டக்காரர். கோல்கீப்பர் வாயைத் திறக்கவே இல்லை. வெறுமனே ஒரு விரலை அசைத்தார், நோட்டின் பக்கத்தைத் திருப்புவதுபோல. பந்து கம்பத்துக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் போய் ரயில் பாதையில் விழுந்தது. மாத்தூர் மூன்று அடித்து மூன்றும் கோல். ஐந்தாவது அடி தேவைப்படவில்லை.

கை குலுக்கும் வரிசையில் கடைசியாக என்னிடம் வந்தார். கையுறையைக் கழற்றவில்லை.

"எண்ணிக்கை சரியா கீதா மாஸ்டர்? நோட்ட எட்த்து செக் பண்ணிக்கோ."

சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பதினொன்று, மூன்று, எட்டில் ஏழு. ஒரு கோடுகூடத் தவறில்லை. உதடு அசைந்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் மாலை ஏழு மணிக்கு, கோயில் பள்ளியின் மூன்றாம் வகுப்பறையில், குழு கூடியது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. என் முழங்கால் மேசையில் இடித்தது. செயலாளர் என் நோட்டைக் கேட்டு வாங்கினார். பின் பக்கத்தில் என்னைப் பற்றி நானே எழுதி வைத்திருந்த கணக்கை எடுத்தார். எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன்.

"நாலு கிளப்பு. பதினஞ்சு வருஷம். கப்பு, பூஜ்யம்."

ஏழு பேரில் ஐந்து பேர் சிரித்தார்கள். கேப்டன் கதவருகே நின்றிருந்தார். அவரும் சிரித்தார், ஆறு.

பிறகு அந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்தார்கள். 'கட்டணம் இல்லை' என்பதற்கு அடியில் நான் போட்ட கோடு அழுத்தமாக இருந்தது. பேனா தாளைக் கிழித்திருந்தது. ரிலீஸ் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய மேலாளருக்கு அதிகாரமில்லை, செய்தால் அவரே கட்ட வேண்டும் என்றது விதி. படித்துக் காட்டினார்கள். நான் சேர்ந்த முதல் மாதம், பிறர் ஏமாற்றக் கூடாது என்று அந்த விதியைச் சேர்க்கச் சொன்னது நான்தான்.

கட்டினேன். ரசீது வாங்கினேன். நோட்டைத் திருப்பிக் கேட்டேன். அது சங்கச் சொத்து என்றார்கள். ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் வீட்டுக்குத் திரும்பினேன். ரிலீஸ் கட்டணம் மூவாயிரம், ஆட்டோ இருபது, ஆக மூவாயிரத்து இருபது ரூபாய்.