கொழுந்து ஒட்டிய சுவர்

பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர வாசனையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மிஷன் பள்ளிக்கூடம் எழும்பிய ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்துவிடுகின்றன. மாரியம்மனைக் கும்பிடுகிற எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்களும் கூலி கேட்காமல், இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக் கொழுந்துக் கூடைக்குள் விரித்து, ஆற்று மணலை நிரப்பி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மேடேறுவார்கள். படங்கில் ஒட்டியிருந்த தேயிலைக் கொழுந்தும் மணலோடு சாந்தில் கலந்து, வெள்ளைச் சுவரெங்கும் பச்சையும் பழுப்புமாய் ஒட்டியிருந்தது. கடல் கடந்து வந்த பாதிரியார் முகம் சுளித்து அதைக் கொத்தனாரின் கரண்டியால் சுரண்டப் போனார்.

"விடுங்க சாமி," என்றாள் அம்மா. "எங்களுக்குப் பேரெழுதத் தெரியாது. யாரு கட்டுனதுன்னு அது சொல்லட்டும்."

பாதிரியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

இன்று அந்தக் கட்டடம் இல்லை. அதற்குள் உட்கார்ந்து நான் முதன்முதலில் எழுதிய பெயர் அம்மாவுடையது: ராக்காயி.