பங்குனியில் தேடிய இரைச்சல்

எட்டாம் வகுப்பில் தேறினால்தான் மேலே படிப்பு என்று அப்பா சொல்லிவிட்டார். ஐம்பதுகளின் கடைசி அது. அன்றிலிருந்து புத்தகத்தைத் திறந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

ஆடிச் சாரலில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனபோது ஒன்றைக் கண்டுகொண்டேன். அருவிக்கு எதிரே கண்ணை மூடி உட்கார்ந்து, அந்த இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பயம் அடங்கிவிடுகிறது. கூட வந்த தோழிக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, சாமியாராப் போகப் போறியா? ஈரத் தலையோட எவ்வளவு நேரந்தான் காத்துக் கெடக்க?"

அவள் சிரித்தால் சிரிக்கட்டும். பரீட்சைக்கு முந்தின நாள் இங்கே வந்து உட்கார்ந்தால் போதும் என்று நம்பிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

பரீட்சை பங்குனியில் வந்தது. அழுது அடம்பிடித்து அண்ணனோடு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் வெயிலில் காய்ந்த பாறை, அதன் ஓரத்தில் நூலாகக் கொஞ்சம் தண்ணீர். கோடையில் அருவி வற்றும் என்று தென்காசியில் யாருக்குத் தெரியாது? கவலையில் எனக்கு அது தோன்றவே இல்லை. அங்கேயே கண்ணை மூடினேன். என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது.

"பங்குனியில அருவி பாக்க வந்தவ நீ ஒருத்திதாம்ட்டி" என்றான் அண்ணன். நான் அழுவதைப் பார்த்ததும் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

மறுநாள் கணக்குப் பரீட்சையில் முதல் கணக்கையே திரும்பத் திரும்ப அடித்து எழுதிக்கொண்டிருந்தேன். மணி அடித்துவிட்டது.

தேறவில்லை என்று தெரிந்தபோது அப்பா திட்டவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று வழக்கம்போல் தோழி வாசலில் வந்து கூப்பிட்டாள். அம்மாதான் பதில் சொன்னாள்.

"அவ இனி வரமாட்டா தாயி. நீ போயிட்டு வா."

நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.