சிவப்பு அரக்குத் தட்டில் வானமும் தண்ணீரும்: ஒரு சான் பிரான்சிஸ்கோ பயணம்

இந்த மார்ச்சில் நானும் என் கணவர் முரளியும் டெக்சாஸின் சுகர் லேண்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போய் வந்தோம். கோல்டன் கேட் பாலத்தைப் பற்றி இந்தப் பதிவில் எதுவும் இருக்காது. அங்கே ஒரு மியூசியத்தில் இருக்கும் பழைய சீனச் செதுக்கு அரக்குப் பொருட்களைப் பார்க்க மட்டுமே போனோம். முரளிக்கு விழித்திரை நோய். முதலில் இருட்டில் தடுமாறினார், பிறகு பார்வையின் ஓரங்கள் மறையத் தொடங்கின. பார்க்க நினைப்பதை எல்லாம் இந்த வருடமே பார்த்துவிடச் சொன்னார் டாக்டர். கிளினிக்கிலிருந்து நான்தான் காரை ஓட்டி வந்தேன். ஃப்ரீவே ஏறியதும் முரளி, "சுமதி, அந்தச் சிவப்புத் தட்டை ஒரு தடவ நேர்ல பாத்துடணும்" என்றார்.

பைப்லைனுக்குத் துரு பிடிக்காமல் பூச்சு கொடுப்பது முரளியின் வேலை. அப்படித்தான் இந்தக் கிறுக்கு பிடித்தது. வீட்டுக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, "நம்ம பெயிண்ட் காய வெயில் வேணும். சீன அரக்கு காய ஈரம் வேணும், தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். நம் ஊர் அரக்கு பூச்சியிலிருந்து வருவது; சீன அரக்கு ஒரு மரத்தின் பால். அதில் சாதிலிங்கம் கலந்து சிவப்பாக்கி, பூசி, காயவைத்து, மறுபடி பூசுவார்கள். சில பொருட்களில் நூறு பூச்சுக்கு மேல்கூட இருக்குமாம். அந்தக் கனத்தில்தான் செதுக்கு வேலை. மலையும் மண்டபமும் செதுக்கிய தட்டுகளில் வெற்றிடம் என்று எதையும் விடமாட்டார்கள். வானத்துக்குப் படுக்கைக் கோடுகள், தண்ணீருக்கு வளைந்த அலைகள், நிலத்துக்குக் கட்டம் கட்டமாகக் குட்டிப் பூக்கள். இந்த மூன்றையும்தான் அவர் பார்க்க ஆசைப்பட்டார்.

பக்கத்து ஹூஸ்டனிலிருந்து விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் ரயிலில் அரை மணிதான், கார் வாடகைக்கு எடுக்காதீர்கள். மறுநாள் காலை மியூசியம் திறந்ததும் உள்ளே போனோம். அரக்கு அறைக்குள் நுழைந்ததுமே முரளி என் கையைப் பிடித்துக்கொண்டார். அறை அவ்வளவு மங்கலாக இருந்தது.

"கொஞ்சம் லைட் போட முடியுமா?" என்று காவலரிடம் கேட்டேன். அவர் சங்கடப்பட்டார். வெளிச்சம் பட்டால் அரக்கின் நிறம் போய்விடும், செல்போன் விளக்கும் கூடாது என்றார். முரளி கண்ணாடிப் பெட்டியில் நெற்றியை ஒட்டி நின்றார். தலையை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"என்னங்க, தெரியுதா?"

"சிவப்பா ஏதோ இருக்கு" என்றார். "நீ சொல்லு."

ஒரு மண்டபம், இரண்டு பைன் மரங்கள், தடி ஊன்றிய ஒருவர், பின்னால் ஒரு வேலைக்காரன். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். "போதும், வா" என்று அவரே என்னை வெளியே கூட்டி வந்தார். ஒரு மாதம் திட்டமிட்டு வந்தது பத்து நிமிடத்தில் முடிந்துபோனது.

மதியம் சைனாடவுனில் நூடுல்ஸ் சாப்பிட்டோம். திரும்பும் வழியில் ஒரு பழம்பொருள் கடை. உள்ளே வாசல் பக்கமாக ஒரு சிவப்புத் தட்டு. கடைக்கார அம்மாவிடம் முரளியின் நிலைமையைச் சொன்னேன். அவர் தட்டை எடுத்து, மேஜையில் துணி விரித்து வைத்தார். "மியூசியத் தட்டு மாதிரி அவ்வளவு பழசு இல்லை. ஆனால் அசல் அரக்கு, அச்சில் வார்த்தது இல்லை. தொட்டுப் பாருங்கள்" என்றார்.

முரளி மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மலை, மரம், படகு என்று விரல்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தன. பிறகு ஒரு சமமான இடத்தில் நின்றன. அவர் முகம் மலர்ந்தது. "தண்ணி! சுமதி, இது தண்ணிதானே?"

அவர் விரல் இருந்தது வானத்தில்.

"ஆமாங்க" என்றேன்.

மறுபடி தடவினார். சிரிப்பு மெல்லக் குறைந்தது. "இல்லயே. கோடு நேரா போகுதே. ஏன் ஆமான்னே?"

முரளி என் பக்கம் திரும்பினார்.

"இனிமே நீ சொல்றதுதான் எனக்குத் தெரியும். அதயும் மாத்திச் சொன்னா நான் எங்க போவேன்?" குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"தப்புங்க. அது வானம். தண்ணி கீழ, படகுக்குப் பக்கத்துல."

விரலைக் கீழே இறக்கினார். வெகுநேரம் தேடினார். அலையைக் கண்டுபிடித்தாரா என்று நான் கேட்கவில்லை. கடைக்கார அம்மா தேநீர் கொடுத்தார். தட்டை வாங்கச் சொல்லி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பார்வை குறைந்தவரோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அரக்கு அறைகள் எங்கே போனாலும் மங்கலாகத்தான் இருக்கும். முன்கூட்டியே மியூசியத்துக்கு எழுதிக் கேளுங்கள். தொட்டுப் பார்க்க மாதிரிகள் வைத்திருக்கும் இடங்கள் உண்டாம், எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சின்னக் கடைகளில் கூச்சப்படாமல் கேளுங்கள். முடிந்தால் எங்களைவிடச் சீக்கிரம், பார்வை நன்றாக இருக்கும்போதே கிளம்புங்கள்.

திரும்பும் விமானத்தில் ஜன்னலோரம் நான். வெளியே என்ன தெரிகிறது என்று கேட்டார். பெரிதாக ஒன்றுமில்லை. பழுப்பு நிலம், நேராக ஒரு ரோடு, அதில் ஒரே ஒரு லாரி. இருந்ததை இருந்தபடி சொன்னேன். கேட்டுக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தேன்.