பஞ்சு தின்ற கடுதாசி

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் எக்ஸ்ரே படம் பார்ப்பது என் வேலை. பற்றவைத்த இரும்புக் குழாயைப் படம் எடுத்து வெளிச்சத்தில் வைத்தால், உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் தெரிந்துவிடும். இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. இருபது வருஷமாக இப்படியே பழகிவிட்டேன். போன மாதம் ஸ்ரீரங்கத்தில் எனக்கு நடந்ததை வேறு யாராவது சொல்லியிருந்தால், முதலில் அவருக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுத்தான் பார்த்திருப்பேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன வாட்ஸ்அப் குழுவால் வந்தது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் இருபத்தாறு பேர். எல்லோருக்கும் நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டது, சர்க்கரை வந்துவிட்டது, பெற்ற பிள்ளைகள் பேச்சைக் கேட்பதில்லை, அதனால் ஆரஞ்சு மிட்டாய் படத்தைப் போட்டு 'அந்தக் காலம் இனி வருமா' என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வராது என்பதை ஒருத்தியும் எழுத மாட்டாள். அப்படி ஒரு நாள் சுமதி என்கிறவள் பஞ்சுவின் படத்தைப் போட்டாள், குழுவே கண்ணீரில் மிதந்தது.

பஞ்சு என்பது வெள்ளைக் காலுறையில் தைத்த ஒரு முயல் பொம்மை. எங்கள் சின்ன வயதில் திருச்சியில் ஓர் உள்ளூர் கேபிள் சேனலில் சனிக்கிழமை சாயங்காலம் வரும். கலா அக்கா என்று ஒருத்தி அதைக் கையில் மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் அனுப்பும் தபால் கார்டுகளைப் படிப்பாள். ஊரையும் பேரையும் சொல்லி, எழுதியிருப்பதைப் படித்ததும் பஞ்சு மூக்கால் பேசிப் பதில் சொல்லும். கடைசியில் கார்டை வாயில் வைத்து மென்று விழுங்கிவிட்டு, "சாப்பிட்டாச்சு. இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வயிற்றைத் தடவிக்கொள்ளும். ஊருக்கே படித்துக் காட்டிவிட்டு யாரிடமும் சொல்ல மாட்டேனாம். இந்தக் கூத்துக்காகத் தெருவில் ஒரு பிள்ளை விளையாடாது.

எங்கள் வீட்டில் மட்டும் அதன் பேரை எடுக்க முடியாது. என் தம்பி கோபி ஏழு வயதில் பஞ்சுவுக்கு ஒரு கார்டு எழுதினான். நான்கு சனிக்கிழமை டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து காத்திருந்தான். அவன் பேர் வரவில்லை. ஐந்தாவது சனிக்கிழமைக்குள் மூளைக்காய்ச்சல் வந்து பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனான். "ஒரே ஒரு தடவை எம்புள்ள பேரைச் சொல்லியிருந்தா அவ வாய் தேஞ்சா போயிருக்கும்" என்று அம்மா முப்பது வருஷத்துக்கு மேலாகக் கலா அக்காவைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன்.

ஆனால் அந்தக் கார்டு கலா அக்காவுக்குப் போகவே இல்லை. தபால் பெட்டியில் போடச் சொல்லிக் கோபி என்னிடம்தான் கொடுத்தான். பாலக்கரையில் வாய்க்கால் பாலத்தின் மேல் நின்று படித்தேன். 'எங்க அக்கா கணக்குல பெயில். ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தை அவளே போட்டுட்டா.' அதற்கு மேல் நான் படிக்கவில்லை. இதைச் சனிக்கிழமை திருச்சி முழுக்கக் கேட்கும், ரயில்வே பட்டறையிலிருந்து வந்ததும் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார் என்பதுதான் கண் முன்னால் நின்றது. சுக்குநூறாகக் கிழித்து உய்யக்கொண்டான் வாய்க்காலில் போட்டுவிட்டு, "போட்டுட்டேன்டா" என்று அவனிடம் சொன்னேன். அந்த வாரமே என் ரேங்க் கார்டும் காணாமல் போனது, டீச்சரிடம் திட்டு வாங்கி வேறொன்று வாங்கினேன். கார்டைக் கிழித்ததை அப்புறம் யாரிடமும் சொன்னதில்லை, கட்டின புருஷனிடம்கூட.

இந்த லட்சணத்தில் சுமதி போன் செய்தாள். "கலா அக்கா ஸ்ரீரங்கத்துலதான்டி இருக்காங்க, அம்மா மண்டபம் ரோட்டுல. ஞாயித்துக்கிழமை போயி பொன்னாடை போத்துறோம். நீயும் வா." போயிருக்கக் கூடாது. இத்தனை வருஷம் திட்டிய முகத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் போனேன், வேறு எந்தப் பாசமும் இல்லை.

பட்டப்பகல், நாலு மணி இருக்கும், ஆறு பேர் போனோம். கலா அக்காவின் மகள்தான் கதவைத் திறந்தாள். "அம்மாவுக்கு ஞாபகம் நிக்கிறதில்லைங்க. சில நாள் என்னையே யாருன்னு கேப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். உள்ளே நைட்டி போட்ட ஒரு கிழவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் பொன்னாடையைப் போர்த்தி, ஆளாளுக்கு முகத்தை ஒட்டிவைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு எதற்கு என்றே தெரியவில்லை. நான் ஜன்னலோரம் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அதோடு விட்டார்களா, பஞ்சு எங்கே என்று சுமதி கேட்க, மகள் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்தாள். பழுப்பேறி, ஒரு காது இல்லாமல், அந்துருண்டை நாற்றத்தோடு இருந்தது. "அக்கா, ஒரு லெட்டர் படிங்கக்கா" என்று சுமதி கொஞ்சினாள். கிழவி பஞ்சுவை வலது கையில் மாட்டிக்கொண்டாள். வெறும் இடது கையை, கார்டு பிடித்திருப்பது போல் கண்ணுக்கு நேராகத் தூக்கினாள். குரல் தெளிவாக வந்தது.

"பாலக்கரையிலேருந்து கோபி எழுதியிருக்கான். பஞ்சு, எங்க அக்கா கணக்குல பெயில். ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தை அவளே போட்டுட்டா. தெரிஞ்சா அப்பா அவளை அடிப்பாரு. அதனால ரேங்க் கார்டை நான் சமயபுரத்தா படத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிட்டேன். அக்காவை அடிக்க வேணாம்னு நீ எங்க அப்பாகிட்ட சொல்லுவியா?"

பிறகு பஞ்சு மூக்கால் பேசியது. "சொல்றேன் கோபி. அப்பாகிட்ட நானே சொல்றேன்." இல்லாத கார்டை மென்று விழுங்கி வயிற்றைத் தடவியது. தோழிகள் கை தட்டினார்கள். கிழவி ஏதோ சும்மா இட்டுக்கட்டிச் சொன்னதாக அவர்களுக்கு நினைப்பு. நான் ஒன்பதாவதில்தான் அந்தப் பள்ளிக்கு வந்தேன், எனக்கு ஒரு தம்பி இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. கலா அக்கா பொம்மையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க? காபி குடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

அங்கிருந்து நேராக ஆட்டோ பிடித்துப் பாலக்கரையில் அம்மா வீட்டுக்குப் போனேன். சமயபுரத்து மாரியம்மன் படம் நான் பிறப்பதற்கு முன்பிருந்து அதே சுவரில் தொங்குகிறது. கழற்றித் திருப்பினேன். "விளக்கு வைக்கிற நேரத்துல சாமி படத்தை ஏன்டி கழட்டுற?" என்று அம்மா கத்தினாள். பின்னட்டையின் அடியில் ஒரு சின்ன இடுக்கு இருந்தது. ஒரு அட்டையை உள்ளே தள்ளிவிடலாம், ஆனால் திரும்ப எடுக்க ஆணியைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். திருப்புளியால் நெம்பியதும் ஆணிகள் துருவோடு பொடிப்பொடியாக உதிர்ந்தன. முப்பது வருஷமாக யாரும் தொடாத ஆணி அது. துருவைப் பற்றி என்னிடம் யாரும் கதை விட முடியாது.

உள்ளே என் ரேங்க் கார்டு இருந்தது. கணக்கில் இருபத்தெட்டு, பக்கத்தில் நான் போட்ட கள்ளக் கையெழுத்து. அங்கேயே தரையில் உட்கார்ந்து, கோபியின் கார்டைக் கிழித்துப் போட்டதை அம்மாவிடம் சொன்னேன். அழுதேன். இத்தனை வயதுக்குப் பிறகும் அவள் என்னை அறைந்தால் தேவலை என்று இருந்தது.

அம்மா சாமி படத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு, "அந்தப் பொம்பளையை நான் எவ்வளவு திட்டியிருக்கேன்" என்றாள். ரேங்க் கார்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா இதுல எப்ப கையெழுத்துப் போட்டாரு?"

"அது நான் போட்டதும்மா. அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்றேன்."

"அது இல்லடி. அதுக்குக் கீழ பாரு."

என் கையெழுத்துக்கு நேர் கீழே இன்னொன்று இருந்தது. அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முன் இரண்டு வருஷம் வாதத்தில் வலது கை விழுந்து, பென்ஷன் தாளில் இடது கையால்தான் கையெழுத்துப் போடுவார். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நிற்கும். நான்தான் தாளைப் பிடித்துக்கொள்வேன்.

ரேங்க் கார்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஆள் இல்லாத நேரத்தில் எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பெட்டி மேல் வைத்துப் பார்த்தேன், மூன்று தடவை. மேலே இருப்பது பார்த்து எழுதிய கை, அப்படியே காட்டிக்கொடுக்கிறது. கீழே இருப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அது அப்பாவின் இடது கை.